இசைக் கல்லூரி வாசலில் ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகள்

இசைக் கல்லூரியில் சேர மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, பாடிக் காட்ட வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு. அதை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்று அது நடக்கும் முறையில், ஒரு பிள்ளைக்கு இதுவரை எப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்தார் என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறோம். கோலார் தங்கவயலில், குறிப்பாக ஆண்டர்சன்பேட்டையில், இசை ஆசையோடு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை நினைத்தால் இந்தக் குறை உறுத்துகிறது.

முதலில், உள்ளே என்ன நடக்கும் என்று பார்ப்போம். கர்நாடக இசை வாய்ப்பாட்டு என்றால் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும். முதல் கேள்வி பெரும்பாலும், "என்ன சுருதி?" என்பதுதான். பிறகு சரளி வரிசையோ ஜண்டை வரிசையோ மூன்று காலத்தில் பாடச் சொல்வார்கள். அலங்காரம், கீதம், கொஞ்சம் முன்னேறியவர் என்றால் வர்ணம் இரண்டு காலத்தில், ஒரு கீர்த்தனை. இடையில் ஆசிரியரே ஒரு சிறு சுரக்கோவையைப் பாடித் திருப்பிப் பாடச் சொல்லலாம். கை தாளத்தை விட்டுவிடுகிறதா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பத்து நிமிடத்தின் அருமை, இந்தத் தேர்வு முறை வருவதற்கு முன் என்ன இருந்தது என்று நினைத்தால்தான் புரியும். குருகுலத்தில் குரு மாதக்கணக்கில் சீடனைக் கவனித்து எடைபோட்டார். அது நுட்பமான தேர்வு. ஆனால் அந்த வீட்டு வாசற்படியை எல்லாச் சாதியாரும் மிதித்துவிட முடியவில்லை. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கியதும், 1949இல் சென்னையில் முசிறி சுப்பிரமணிய அய்யரை முதல்வராகக் கொண்டு அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியதும் அந்த வாசலை மாற்றின. விண்ணப்பம் போட்டவர் யாராக இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டும் என்பது சிறிய மாற்றம் அல்ல. சிபாரிசுக் கடிதத்தை நம்புவதைவிடக் காதை நம்புவது எவ்வளவோ மேல். தங்கவயல் போன்ற ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

ஏனென்றால் இந்த ஊர் உழைக்க வந்தவர்களின் ஊர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தைக் கையிலெடுத்த பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இங்கே லைன் வீடுகளில் தங்கித் தலைமுறைகளை வளர்த்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, பாட்டு போகவில்லை. தேவாலயப் பாடகர் குழு, அம்மன் திருவிழாவின் பறையும் பேண்டு செட்டும், அம்பேத்கர் பிறந்த நாள் மேடைப் பாடல்கள், கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ரா என்று இங்கே பிள்ளைகளின் காது நிரம்பியே வளர்கிறது.

அப்படி வளர்ந்த ஒரு பெண் தேர்வு அறையில் என்ன ஆகிறாள்? ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் பெண்களின் கீழ்க்குரலைப் பாடுகிறவள் அவள். பக்கத்தில் நால்வர் வேறு சுரத்தில் பாடிக்கொண்டிருக்க, தன் சுரத்தை விடாமல் பிடித்து நிற்பது எளிதல்ல. பல வருடம் வர்ணம் பாடியவர்களே அதில் வழுக்கிவிடுவார்கள். ஆனால் "என்ன சுருதி?" என்றதும் விழிக்கிறாள். அவளுக்காகக் கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடுவார்; சுருதியை ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று கணக்கிடுவதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கீபோர்டின் கட்டைகளில் ஏறி இறங்கிப் பழகிய குரலில், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் எளிதில் வராது. ஆசிரியர்கள் எழுதிக்கொள்வது அடிப்படை இல்லை என்பதைத்தான். அவளிடம் இருக்கும் அடிப்படையைத் தொடும் கேள்வி அந்தத் தேர்விலேயே இல்லை. பறையில் வளர்ந்த பையனின் லயமும் இப்படித்தான் கேட்கப்படாமல் வெளியே வருகிறது.

மேற்கத்திய இசைக்குப் போனால் நிலைமை கொஞ்சம் மாறும். 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் தேவாலயக் காது கைகொடுக்கும். அங்கே தடையாக நிற்பது கட்டணம்.

தங்கவயல் கர்நாடகத்தில் இருப்பதால் மாநில எல்லைக் கோடும் ஒரு பங்கு வகிக்கிறது. அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி என்பது மாநிலத்தைப் பொறுத்தது. தமிழில் படிக்கலாம் என்று சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ போகும் தங்கவயல் பிள்ளை, கர்நாடகச் சான்றிதழோடு அங்கே பொதுவாகப் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். மைசூருவில் கங்கூபாய் ஹானகல் பெயரிலான இசைப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் இட ஒதுக்கீடு உண்டு. பழகிக்கொள்ள வேண்டியது கன்னடச் சூழல். குரலுக்கும் இந்த எல்லைக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தின் எடையை இதுவே கூட்டிவிடுகிறது.

மேல்நாட்டு இசைக்குழுக்கள் பாரபட்சத்தைக் குறைக்கத் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தன. 1970களிலிருந்து அமெரிக்காவில் அது பரவியது. கிளாடியா கோல்டினும் சிசிலியா ரவுஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் மேற்சுற்றுக்குப் போவதற்குத் திரை உதவியதாகச் சொன்னது. அதன் கணக்கு உறுதியானதா என்ற விவாதம் பிறகு எழுந்தது. நம் கல்லூரிகளுக்குத் திரை போதுமான மருந்து என்று நான் நினைக்கவில்லை. முகத்தையும் பெயரையும் அது மறைக்கலாம். வர்ணம் கற்காத குரலை எப்படி மறைக்கும்?

முன்பயிற்சி இல்லாதவரையும் சேர்த்துக்கொள்வதற்குத் தமிழ்நாட்டு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம் சேர, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பது பள்ளியின் வேலை என்ற துணிவு அதில் தெரிகிறது. கல்லூரியும் அதில் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம். காலையில் யாருக்கும் தெரியாத ஒரு கீதத்தின் முதல் இரண்டு வரிகளைக் குழுவாகச் சொல்லிக்கொடுத்து, மதியம் தனித்தனியாகக் கேட்கட்டும். பாட்டு வகுப்பில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கேயும் சாதகம் உண்டுதான். ஆனால் இடைவெளி குறையும். ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கூடுதலாகப் போகும். மூன்று வருடம் சேர்ந்து இருக்கப்போகிற மாணவருக்காக அந்த ஒரு நாளைக் கொடுக்கலாம்.

அந்த மாற்றம் வரும்வரை, இந்த வருடம் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் வண்டி மாறப்போகிறவர்கள் இப்போதுள்ள தேர்வுக்குத்தான் தயாராக வேண்டும். கீபோர்டை மூடிவைத்துவிட்டு, கைபேசியில் சுருதிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, உங்கள் கட்டையைக் கண்டுபிடித்து அதில் தினமும் சரளி வரிசை பாடுங்கள். ஒரு கீதமாவது கையில் தாளத்தோடு மனப்பாடம் இருக்கட்டும். கேட்காவிட்டாலும், பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன், திருவிழாவில் பறை அடிக்கிறேன் என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள், அறைக்குள்ளும் சொல்லுங்கள்.