மத்தியகோட்டு மின்தாரை: கணிப்பும் காட்சியும்

ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ தடையின்றித் தொங்கவிடப்பட்ட காந்தவூசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். புவியின் காந்த மத்தியகோடு இத்தீவுகளுக்கு அணித்தாகச் செல்லுதலே அதற்குக் காரணமாம். அக்கோட்டின் இருமருங்கும் ஏறத்தாழ மும்மூன்று பாகை அளவில், நிலத்தினின்று நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலே, பகற்காலத்தில் வலிய மின்னோட்டமொன்று கிழக்குநோக்கிப் பாய்கின்றது. 1951 இல் சிட்னி சப்மன் என்னும் அறிஞர் இதற்கு மின்தாரை எனப் பொருள்படும் பெயரிட்டார். தீவகத்தின் வானும் அதன் எல்லைக்கு உட்பட்டதே.

இது தோன்றும் முறையைக் கொள்கை தெளிவாகவே உரைக்கின்றது. ஞாயிற்றின் கதிர்கள் மேல்வளியை அயனாக்கிப் பிளாசுமாவாக்குகின்றன. வெம்மையால் எழும் காற்றுக்கள் அதனைக் காந்தப்புலத்துக்குக் குறுக்கே செலுத்த, மின்னாக்கியிற்போலக் கிழக்குநோக்கிய மின்புலம் பிறக்கின்றது. காந்தப்புலத்துக்குக் கட்டுண்ட இலத்திரன்கள் மேலெழுகின்றன. வளித்துணிக்கைகளோடு ஓயாது மோதும் அயன்களோ பின்தங்குகின்றன. அப்படைக்கு மேலும் கீழும் மின் எளிதிற் செல்லாமையால் ஏற்றங்கள் தேங்குகின்றன. அத்தேக்கத்தால் எழும் நிலைக்குத்துப் புலமே இலத்திரன்களை மேற்கே விரைவித்து, கிழக்குநோக்கிய மின்னோட்டத்தைப் பன்மடங்காக்குகின்றது. ஞாயிறு மறைய, தாரையும் மெலிகின்றது.

குறை அளவிலே தோன்றியது. முற்பட்ட கணிப்புக்கள் தாரையின் உச்சத்தை 100 கிலோமீற்றரை அடுத்து வைத்தன. கேரளத்துத் தும்பாவில் 1963 இல் தொடங்கப்பட்ட ஏவுதளத்தினின்று சென்ற உரொக்கற்றுக்கள் அதனை ஏறத்தாழ 106 கிலோமீற்றரிற் கண்டன. 1977 இல் றிச்மண்ட் முதலிய மூவர், இலத்திரன்களின் மோதல் வீதத்தை நான்கு மடங்காகக் கொண்டால் கணிப்பும் காட்சியும் இணங்கும் எனக் காட்டினர். எனினும், ஏன் நான்கு என்ற வினாவுக்கு அவ்வெண்ணில் விடையில்லை. விளக்க வேண்டியதையே விளக்கமாக எடுத்துக்கொள்ளுதல் ஆராய்ச்சியை நிறைவாக்காது. 1991 இல் றொங்கி, சுதன், பாலி ஆகியோர், தாரையிலேயே எழும் சிறு கொந்தளிப்புக்கள் இலத்திரன்களைத் தடுத்து அவ்விளைவைத் தரும் எனக் காட்டிய பின்னரே அவ்வெண் பொருள் பெற்றது.

இன்னுமொரு சோதனை உளது. திருநெல்வேலியிலும் மும்பையை அடுத்த அலிபாக்கிலும் உள்ள காந்தமானிகளின் அளவுகளை ஒப்பிட்டுத் தாரையின் வலிமையை அறிவர். சில நாட்களிற் பிற்பகலில் அது திசைமாறி மேற்கே பாய்தல் அவ்வளவுகளிற் புலனாகின்றது. காற்றை நாள்தோறும் மாறாததெனக் கொள்ளும் மாதிரி இதனை உரைக்கமாட்டாது. பொருந்துதல் வேறு; விளக்குதல் வேறு. மாதிரியொன்றின் மதிப்பை அது ஒத்துவரும் நாளைக் காட்டிலும் ஒவ்வாத நாளே நன்கு உணர்த்தும்.