பிடிப்பதும் விடுவதும்

'கரியமிலவாயுவைப் பிடித்துவிட்டார்கள்' என்கிற வாக்கியத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. இதில் எழுவாய் மறைந்திருக்கிறது. 'விடுதல்' என்கிற வினையும் மறைந்திருக்கிறது. மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து இதை வாசிக்க எனக்குக் காரணம் உண்டு. இந்தக் கதை நெடுக உப்பு இருக்கிறது; உப்பு வாருகிறவர்கள் இல்லை.

நிலக்கரிப் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன். கரியமிலவாயு நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான். அதைத் திரவத்துக்குள் வாங்குவது உறிஞ்சல். திடப்பொருளின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டவைப்பது பரப்புக் கவர்ச்சி. இரண்டாவதற்குப் பேர்போன பொருள் சியோலைட். 1756இல் சுவீடன்காரர் குரோன்ஸ்டெட் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்'. சூடாக்கியபோது உள்ளிருந்த நீர் கொதித்து வெளியேறியதைப் பார்த்து வைத்தது. ஆக, அந்தப் பெயரே விடுதலைப் பற்றியதுதான். பிடித்ததை விட்டால்தான் கல்லுக்கு மறுபடி வேலை. அதுக்குச் சூடு வேணும், இல்லாவிட்டால் அழுத்தத்தைக் குறைக்கணும். வாயுவைவிட ஈரத்தை இந்தக் கல் விரும்பிப் பிடிக்கும் என்பதால் புகையை முதலில் உலர்த்தவும் வேணும். அனல் நிலையத்தில் இத்தனைக்கும் ஆற்றல் பெரும்பாலும் அதே நிலக்கரியிலிருந்துதான்.

கல்லின் பிறப்பையும் பார்க்கலாம். 13எக்ஸ் என்கிற வகையில் சோடியம் இருக்கிறது. அதற்கான சோடியம் சிலிக்கேட்டைச் சோடாவையும் மணலையும் உலையில் உருக்கிச் செய்கிறார்கள். அப்போதே கரியமிலவாயு வெளியேறுகிறது. செயற்கைச் சோடாவுக்கு மூலம் உப்பு. ஒரே கல் ஆயிரக்கணக்கான முறை பிடித்து விடும்போது அந்தக் கணக்கு நேராகிவிடும் என்பார்கள். சரி. பிடித்தது எங்கே போகிறது?

பதிலுக்கு நம் கரையிலேயே தெற்கே போகலாம். தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், கொதிகலன் புகையிலிருந்து வாயுவைத் திரவத்தில் பிடிக்கும் ஏற்பாடு 2016இல் வந்தது. ஆண்டுக்கு 60,000 டன் என்றார்கள். வாயு, உப்பு, அம்மோனியா சேர்ந்து சோடாவும் உரமும் ஆயின. ஆலைக்கு வேண்டிய வாயு சொந்தப் புகையிலிருந்தே கிடைத்தது. இது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் சோடா கண்ணாடி உலைக்குப் போனால் வாயு திரும்ப வெளியே வந்துவிடும். சமையல் சோடாவானால் அடுப்பிலேயே வந்துவிடும். இதைத் தள்ளிவைத்தல் என்று சொல்லலாம். 'அகற்றிவிட்டோம்' என்பது வேறு சொல், அதன் அரசியலும் வேறு.

உப்பளத்தில் பிரித்தெடுக்கும் வேலையை வெயில் செய்கிறது, மிச்சத்தை மனித உடம்பு செய்கிறது. பருவம் தவறி ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும், அன்றைய கூலியும் போகும். வானிலை மாற்றத்தின் முதல் பற்றுச்சீட்டு அவர்கள் பேரில்தான் எழுதப்படுகிறது. ஆகவே நண்பர்களே, இப்படியொரு செய்தி அடுத்த முறை வரும்போது புதுப் பொருளைப் பழிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். விடுவிக்கும் சூடு எதிலிருந்து, விட்டது எங்கே, எத்தனை காலத்துக்கு என்று கேட்போம். பதில் இல்லாத இடத்தில் 'பிடித்தோம்' என்று எழுத யாரையும் விடக்கூடாது.