படகில் போனவரும் பத்திரம் கேட்கும் அரசும்

2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தமிழ்நாட்டில் அகதியாக இருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கியதும் கைது செய்யப்பட்டார். வயது எழுபதைக் கடந்தவர். அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் வந்தவர். போர்க்காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல், அனுமதிக்கப்படாத வழியால் நாட்டை விட்டுப் போனார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். மூன்று மாதம் கழித்து, செப்டெம்பர் 1ஆம் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணக் கச்சேரியில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தைத் திறந்து வைத்தார். குடாநாட்டுக்குள்ளேயே கடவுச்சீட்டு எடுக்கும் வசதி அன்று கிடைத்தது.

ஒரே ஆண்டு, ஒரே மாவட்டம், ஒரே அரசு. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் இலங்கை அரசு குடிவரவையும் குடியுரிமையையும் நடத்தும் விதம் விளங்கும். கடவுச்சீட்டுப் புத்தகம் அச்சடித்துக் கையில் கொடுப்பதில் அது முன்னேறியிருக்கிறது. யார் இந்த மண்ணுக்குரியவர் என்று தீர்மானிக்கும் இடத்தில் 1948ஆம் ஆண்டின் மனநிலையிலேயே நிற்கிறது.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தாருக்குப் பாஸ்போட் எடுப்பது என்றால் நெடுங்காலமாகக் கொழும்புப் பயணம்தான். இரவு பஸ், லொட்ஜ் வாடகை, தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்குமோ என்ற கவலை, போர்க்காலமென்றால் பொலிஸ் பதிவு வேறு. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் வந்தபோது நானூறு கிலோமீற்றர் நூற்று நாற்பதாகக் குறைந்தது. ஆனால் 2022இல் பொருளாதாரம் சரிந்து நாடே வெளியேறத் துடித்தபோது அந்த ஒரு வாசல் போதவில்லை. வவுனியாவில் சனம் அலுவலக வாசலிலேயே இரவிரவாகப் படுத்துக் கிடந்தது. வரிசையில் இடம்பிடித்து விற்பவர்கள் முளைத்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் நடைபாதையில்தான் விடியும்வரை இருந்தார்கள்.

அதிலிருந்து திணைக்களம் பாடம் படித்தது என்பதை மறுக்க முடியாது. 2023 ஜூனில் இணையவழி விண்ணப்பம் தொடங்கியது. நாடெங்கும் ஐம்பது அளவிலான பிரதேச செயலகங்களில் விரலடையாளம் கொடுக்க வசதி செய்யப்பட்டது. இப்போது யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம். நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்துக் கச்சேரிக்குப் போய், அலுவல் முடித்து அன்றே வீடு திரும்பலாம் என்பது அந்தத் தீவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த பெரிய மாற்றம். பத்தாயிரக்கணக்கில் தரகர் கையில் கொடுத்த காசு குடும்பத்துக்கு மிஞ்சுகிறது. இதை யார் செய்தாலும் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த முன்னேற்றத்துக்குள்ளும் சறுக்கல்கள் உண்டு. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு வந்து, தலைமையகம் உள்ள பத்தரமுல்லையில் மறுபடியும் வரிசை நீண்டது. அதே ஆண்டில் விசா வழங்கும் இணையவழி முறையை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கைமாற்றியதால் கட்டணம் ஏறியது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் எங்கள் பிள்ளைகள், தாங்கள் பிறந்த மண்ணை மிதிக்கக் கூடுதலாகக் கட்டவேண்டியதாயிற்று. சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், எம். ஏ. சுமந்திரன் ஆகியோர் தொடுத்த வழக்குகளில் உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. கட்டளையை நிறைவேற்றாததற்காக அன்றைய கட்டுப்பாட்டாளர் நாயகமே செப்டெம்பரில் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார். ஒரு திணைக்களத் தலைவரை நீதிமன்றம் அந்த அளவுக்குத் தட்டிக்கேட்டது இந்த அமைப்பில் இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்குச் சான்று.

இவையெல்லாம் நிர்வாகக் கோளாறுகள். ஆளை மாற்றினால், முறையைத் திருத்தினால் சரிவரும். குடியுரிமையில் உள்ள கோளாறு அதைவிட ஆழமானது. அது சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கொள்கையின் மேல் கட்டப்பட்டது. நீ இந்நாட்டவன் என்பதை நீயே காட்டு, காட்ட முடியாவிட்டால் நீ அந்நியன். தகப்பன் இலங்கையில் பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பேரனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டும். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்குப் பூட்டனின் பிறப்புப் பதிவு எங்கே கிடைக்கும்? மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான் நாடற்றவராக்கப்பட்டார்கள். அப்போது யாழ்ப்பாணம் என்ன செய்தது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் குடாநாட்டுப் பொதுசனத்தின் பெரும்பகுதி, உறுதியும் தோம்பும் பிறப்புப் பதிவும் பெட்டகத்தில் வைத்திருந்த சமூகம் என்பதால், அது மலையகத்தாரின் பிரச்சினை என்றே இருந்துவிட்டது.

நாற்பது வருடம் போகவில்லை, அந்தப் பெட்டகங்கள் எரிந்தன. 1983க்குப் பிறகும், 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகும், மன்னார்க் கரையாலும் குடாநாட்டுக் கரைகளாலும் ஆயிரக்கணக்கில் சனம் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது. மண்டபம் முகாமில் பதிந்து, தமிழ்நாடெங்கும் நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் பிரிந்து குடியேறினார்கள். இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கேயே கலியாணம் முடித்த பிள்ளைகள் அவர்களில் ஏராளம்.

அந்தப் பிள்ளைகளைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? நாட்டுக்கு வெளியே பிறந்தவர் வம்சாவளியால் இலங்கையராக வேண்டுமென்றால், பெற்றோர் இலங்கையராக இருப்பது மட்டும் போதாது. பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ அந்தப் பிறப்பைப் பதியவேண்டும் என்கிறது பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. தவறினால் அமைச்சர் தக்க காரணம் கண்டு அனுமதிக்கவேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அந்த உரிமையும் தகப்பன் வழியாகவே வந்தது. முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்த தாய், வெளியே போய்வர அனுமதி வாங்கவேண்டிய நிலையில், சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் பிள்ளைப்பேறு முடிந்த கையோடு போயிருக்கவேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. எந்த அரசின் குண்டுக்குத் தப்பி ஓடினாளோ அதே அரசின் வாசலுக்குத்தான் அவள் போயிருக்கவேண்டும். பலர் போகவில்லை. அதைக் கவனக்குறைவு என்று சொல்ல எந்த நேர்மையான அதிகாரிக்கும் மனம் வராது.

விளைவு ஊர் திரும்பிய பிறகு தெரிகிறது. கையில் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அதைக்கொண்டு பாடசாலையில் சேர்த்துவிடுவார்கள், எங்கள் அதிபர்கள் பெரும்பாலும் இரக்கமுள்ளவர்கள். அடையாள அட்டை எடுக்கும் வயது வரும்போதுதான் வழி அடைபடும். குடியுரிமைச் சான்று இல்லாவிட்டால் தேசிய அடையாள அட்டை இல்லை. அது இல்லாவிட்டால் வாக்கில்லை, அரச வேலை இல்லை, வங்கிக் கணக்கும் சிக்கல், கடவுச்சீட்டும் இல்லை. கிராம அலுவலர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அவர்கள் பத்தரமுல்லைக்கு அனுப்புவார்கள், அங்கே பெற்றாரின் மூலப் பத்திரங்களைக் கேட்பார்கள். பெற்றாரின் பத்திரங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. பதிவகங்களே போரில் அழிந்த பிரதேசங்கள் வடக்கில் உண்டு. யாழ்ப்பாணத்தில் திறந்த அலுவலகம் பாஸ்போட்டுக்கானது. குடியுரிமையின் முடிவு இன்னும் தலைநகரத்துப் பிரிவிடமும் அமைச்சரின் தற்றுணிபிடமும்தான். 1948இல் மலையகத் தொழிலாளியிடம் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் இன்று பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் கேட்கிறார்கள்.

இனி அந்தக் கைதுக்கு வருவோம். அதிகாரிகள் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு, அதை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. வடக்குக் கடல் கஞ்சா கடத்தப்படும் கடல். ஏஜென்சிக்காரரிடம் நகையையும் காணியையும் கொடுத்து அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிப் பிணமானவர்களின் வீடுகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. கடவுச்சீட்டில்லாமல், அங்கீகரிக்கப்படாத துறையால் வெளியேறுவதை 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் குற்றமாக்கியதற்குக் காரணம் இருக்கிறது. கணினியில் ஒருவர் நாட்டைவிட்டுப் போன பதிவு இல்லாதபோது வாசலில் நிற்கும் உத்தியோகத்தர் சட்டப்படி நடந்தார் என்றும் சொல்லலாம்.

ஆனால் 1990இல் அந்த முதியவர் போன்ற ஒருவர் சட்டப்படி போவதற்கு எந்த வழி இருந்தது? தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிற்று. பலாலி இராணுவத் தளம். கொழும்புக்குப் போவதென்றால் போர்முனையைக் கடக்கவேண்டும், குடாநாட்டை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் அனுமதிப் பத்திரமும் வேண்டும். இரு பக்கமும் வாசலைப் பூட்டிவிட்ட காலம் அது. பூட்டிய வாசலால் வெளியேறவில்லை என்பதைக் குற்றமாக்கும் சட்டம், உயிர்தப்பியதையே குற்றமாக்குகிறது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, நாடு திரும்பும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமையாகத் தந்திருக்கிறது. கடவுச்சீட்டில்லாத அகதிக்குத் திரும்பிவரப் பயணப் பத்திரம் கொடுப்பது இலங்கையின் துணை உயர்ஸ்தானிகராலயமே. ஒரு கையால் அழைப்பு, மறுகையால் விலங்கு என்பதை எந்தச் சட்ட விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. கைதுக்குப் பிறகு இந்த நடைமுறை மாற்றப்படும் என்று அரசாங்கத்தின் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டது. வாய்மொழி உறுதி விமான நிலையத்து உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில் உள்ள சட்டந்தான் கட்டுப்படுத்தும்.

செய்ய முடியாத காரியமல்ல என்பதற்கு அயலிலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இந்தியா குடியுரிமை கொடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் எங்களைச் சேர்க்கவில்லை. அது நீண்டகால வருத்தம். ஆனாலும், தனது புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழ் அகதிகளைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து அது விலக்கியது. அந்நிய நாடு ஒரு கட்டளையில் செய்ததைச் சொந்த நாடு செய்யவில்லை. இலங்கையே முன்பு செய்ததும் உண்டு. 1964 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் 2003இல் ஒரே சட்டத்தால் குடியுரிமை வழங்கி, 2009இல் அதைத் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தோருக்கும் விரித்தது இதே பாராளுமன்றம்.

இரட்டைப் பிரஜாவுரிமை பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். வேறு நாட்டின் குடியுரிமை எடுத்தவர் இலங்கைக் குடியுரிமையைத் தன்பாட்டிலேயே இழக்கிறார். 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மீளப்பெற வழி திறந்தது, 2011இல் அது மூடப்பட்டது, 2015இல் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து சில மாதங்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. ஆட்சியோடு கதவும் மாறுகிறது. தகுதிகளைப் பாருங்கள்: ஐம்பத்தைந்து வயது கடந்திருக்கவேண்டும், அல்லது கல்வித் தகைமை, அல்லது இருபத்தைந்து இலட்சம் ரூபா பெறுமதியான சொத்து, வைப்புப் பணம். இலண்டனில் மருத்துவராக இருப்பவருக்கு இது பெரிய தடையல்ல. திருச்சி முகாமில் சுவருக்கு வர்ணம் பூசிப் பிழைப்பவரின் மகனுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அவன் இன்னொரு நாட்டின் குடிமகனும் அல்லன். வசதியுள்ளவனுக்கு வழியும் வசதியற்றவனுக்கு விசாரணையும் என்ற இந்த ஏற்பாடுதான் முழு முறைமையிலும் எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுகிறது.

வேண்டியவை அதிகமில்லை. 2009 மே மாதத்துக்கு முன் போரினால் வெளியேறியவர்களைக் குடியகல்வுக் குற்றத்திலிருந்து சட்டத்தாலேயே விலக்க வேண்டும். அகதியாக இருந்தபோது பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வருடக் காலக்கெடு பொருந்தாது என்று 5ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். பெற்றாரின் பத்திரம் இல்லாவிட்டால் பாடசாலை இடாப்பு, ஆலயப் பதிவு, முகாம் பதிவு, ஊரவரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றை ஏற்று முடிவெடுக்கும் அதிகாரத்தை யாழ்ப்பாண அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்கு இந்த மக்கள் கொடுத்தார்கள். பாராளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு 159 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இந்தத் திருத்தங்களுக்குச் சாதாரண பெரும்பான்மையே போதும். அந்த மூவரும், எதிரணியில் அமர்ந்திருக்கும் மற்ற மூவரும் சேர்ந்து இதைக் கொண்டுவர வேண்டும்.