கலங்கிய தம்ளரும் கறை படிந்த பல்லும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் குடியிருக்கும் வாசகர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். நீர் வடிகட்டும் கருவியை விற்க வருபவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களைக் கேட்டு வாங்குகிறார். ஒன்றில் உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றதில் அவர் கொண்டு வந்த நீர். உலோகக் கம்பிகள் பொருத்திய சிறு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார். சில நிமிடங்களில் உங்கள் நீர் சேறாகிவிடுகிறது. அவருடையது தெளிவாக நிற்கிறது. "இந்த மினரல் எல்லாம் எலும்புலதான் சார் போய்ப் படியுது" என்கிறார். சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் இதை நானே பார்த்தேன். முன்பணமும் அன்றே கைமாறிவிட்டது!

இது சோதனை அன்று, வித்தை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். அப்போது நேர்மின்வாயாக உள்ள இரும்பு கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாக வெளிப்படுகிறது. நீங்கள் காணும் சேறு பெரும்பாலும் கம்பியிலிருந்து வந்ததே. உப்பு நீக்கிய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால் அங்கே கம்பி கரைவதில்லை. அவருடைய நீரில் ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டு மீண்டும் செய்யச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும். (வீட்டு மின்சாரத்தைக் கொண்டு நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.)

அடுத்து, பேனா போன்ற டி.டி.எஸ். மானி. இது நீரின் மின் கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள மொத்தப் பொருள்களின் அளவை மதிப்பிட்டுக் காட்டுகிறது. எந்தப் பொருள் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. குடிநீரில் இந்த மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. ஃபுளோரைடுக்கோ ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம், உச்ச அளவு 1.5. ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருந்தாலும் 500 என்ற எண்ணில் அது தனியே தெரியப்போவதில்லை.

ஆனால் உண்மையாகவே எலும்பில் போய்ப் படிவது இந்த ஃபுளோரைடுதான். இதை இந்திய மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டியவர்கள் தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் போகும் தூரத்தில்தான் இருந்தார்கள். கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டதை 1937இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் வெளியிட்டார்கள். குழந்தைகளின் பற்களில் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்புக் கறையும். பல ஆண்டுகள் அந்நீரையே குடித்த பெரியவர்களுக்குக் கைகால்களில் கூச்சம், பிறகு இடுப்பில் வலியும் விறைப்பும். முற்றிய நிலையில் முதுகெலும்பு முழுவதும் ஒரே எலும்புத் தூண்போல இறுகிவிடும். பல்லின் எனாமல் உருவாகும் சிறுவயதில் ஏற்பட்ட கறை பின்னர் நல்ல நீர் குடித்தாலும் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் புறநகரில் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கண்டாலே அஞ்சுகிறோம். அது பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் உப்பு. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்பது கடினம். கால்சியம் ஃபுளோரைடாகப் பிரிந்துவிடும். ஃபுளோரைடு மிகுந்த நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த மென்னீராக இருக்கும். சுவையிலும் நிறத்திலும் குறை சொல்ல முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அப்படிப்பட்ட கிணற்று நீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்கள்; 2013இல் ஒகேனக்கல் திட்டத்தின் மூலம் காவிரி நீர் வந்தது.

கருவியின்மேல் எனக்குக் கோபமில்லை. ஆர்.ஓ. முறை ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். தேவையுள்ள வீட்டுக்கு அது நல்ல துணை. எந்த வீட்டுக்குத் தேவை என்பதை அந்தத் தம்ளர் சொல்லாது என்பதே என் குறை. வேடிக்கை என்னவென்றால், நண்பர் வீட்டு நீரில் மானி காட்டியது 600. நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தாலும் எல்லா உப்பும் சேர்ந்து 1.2 கிராம். இந்தியர் ஒருவர் உணவில் நாள்தோறும் சேர்த்துக்கொள்ளும் உப்போ சராசரி 8 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குக் கீழே என்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் நண்பர் அன்று மதியம் ஊறுகாயை மூன்று முறை கேட்டு வாங்கினார்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். சுத்தமான புட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அவர்கள் தரும் தாளில் ஃபுளோரைடுக்கென்று தனி வரி இருக்கும்.