வசூல் படத்துக்குத் தனிப்பந்தி எதற்கு?

2024 மார்ச் 6 அன்று ராஜா அண்ணாமலைபுரத்தின் டி.என்.ராஜரத்தினம் கலையரங்கில் தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டன. அவை 2015ஆம் ஆண்டுக்கான விருதுகள். தாமதத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே பேச வேண்டியது வேறு. சிறந்த படத்துக்கான முதல் பரிசை வாங்கியது 'தனி ஒருவன்'. மோகன் ராஜாவின் இயக்கத்தில் ஜெயம் ரவியும் அரவிந்த்சாமியும் மோதிக்கொண்ட அந்தப் படம், வெளிவந்த ஆண்டில் திரையரங்குகளை நிரப்பிய பெரும் வெற்றிப் படம். 

அதே 2015ஆம் ஆண்டுக்குத் தில்லி தேர்ந்தெடுத்த படம் எது? 'பாகுபலி'யின் முதல் பாகம். ரமேஷ் சிப்பி தலைமையிலான தேசிய விருதுக் குழு சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையை ராஜமௌலியின் படத்துக்குக் கொடுத்தது. வெற்றிமாறனின் 'விசாரணை'க்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது கிடைத்தது. ஆக, ஒரே ஆண்டில் தில்லியிலும் சென்னையிலும் உச்ச விருது கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த படங்களுக்கே போனது. இரண்டு தேர்வையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது. 'தனி ஒருவன்' பரிசுக்குத் தகுதியான படம். 'பாகுபலி'க்கு 'விசாரணை'யை மீறித் தங்கத் தாமரை போனது சரியல்ல.

இப்படிச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். இரண்டும் வசூல் படங்கள்தானே? வசூலை அளவுகோலாக வைத்துப் பேசினால்தான் முரண்பாடு. 'தனி ஒருவன்' படத்தில் நாயகனுக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்கிறது, அறுவைச் சிகிச்சை நடக்கிறது. அந்தச் சமயத்தில் வில்லன் அவன் உடலுக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிடுகிறான். அதன்பின் நாயகன் வாய் திறக்கும் ஒவ்வொரு வசனமும் எதிரியின் காதில் விழுகிறது. பார்வையாளருக்கு அது தெரியும், நாயகனுக்குத் தெரியாது. சாதாரண உரையாடல்கூட நெஞ்சைப் பிசைகிறது. திரைக்கதையில் இவ்வளவு இறுக்கமான முடிச்சு தமிழில் அடிக்கடி விழுவதில்லை. 'பாகுபலி'யின் பிரம்மாண்டம் கண்ணை நிறைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் தன் சிறை அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து பிறந்த 'விசாரணை', காவல் நிலையச் சுவருக்குள் மனிதன் எப்படி நொறுக்கப்படுகிறான் என்று காட்டியதற்குப் பக்கத்தில் அந்தப் பிரம்மாண்டம் வெளிச்சம் குறைந்துவிடுகிறது.

இந்த விவாதத்துக்குச் சென்னையிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. அது 1987.

அந்த ஆண்டு தீபாவளிக்கு 'நாயகன்' வந்தது. அதே தீபாவளிக்கு ரஜினியின் 'மனிதன்' போட்டிக்கு நின்றது. மணிரத்னத்தின் படத்துக்குக் கூட்டமும் கூடியது, பாராட்டும் குவிந்தது. தேசிய விருதில் கமல்ஹாசன் சிறந்த நடிகர், பி.சி.ஸ்ரீராம் சிறந்த ஒளிப்பதிவாளர், தோட்டா தரணி சிறந்த கலை இயக்குநர். கதை நடக்கும் தாராவியைத் தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பினார். அடையாறு திரைப்படக் கல்லூரி என்று சென்னைக்காரர்கள் அழைக்கும் தரமணிக் கல்லூரியில் படித்துவந்த ஸ்ரீராம், படத்தின் நாயகன் வேலு நாயக்கருக்கு வெளிச்சத்தை மேலிருந்து இறக்கினார். நெற்றி தெரிகிறது, வெள்ளை வேட்டி தெரிகிறது, கண்குழி மட்டும் இருண்டு கிடக்கிறது. அந்த மனிதன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியை வசனம் எழுப்புவதற்கு முன்பே வெளிச்சம் எழுப்பிவிடுகிறது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான்.

அதே விருதுப் பட்டியலில் சிறந்த தமிழ்ப் படமாக நின்றது பாலு மகேந்திராவின் 'வீடு'. சிறந்த நடிகை அர்ச்சனா. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய கட்டாயத்தில் ஒரு பெண் சொந்த வீடு கட்டப் புறப்படுகிறாள், அவ்வளவுதான் கதை. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். பூசாத சுவரைக் கையால் தடவிக்கொண்டே அறை அறையாக நடக்கிறார். சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. தமிழ்ப் படங்களில் அதற்கு நிகரான காட்சியை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னொரு செய்தியும் உண்டு: 'நாயகன்', 'வீடு' இரண்டிலும் ஒலிப்பது இளையராஜாவின் இசை. முதலாவது அவருடைய 400ஆவது படம். இரண்டாவதில் அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசை எடுத்தாளப்பட்டது. அந்தக் கலைஞர் கூட்டத்துக்குள் வசூல் படம், கலைப் படம் என்று வாய்க்கால் வெட்டியவர் யாரும் இல்லை. விருதுக் குழுவும் அன்று வெட்டவில்லை. அந்த ஆண்டின் தங்கத் தாமரை இரண்டுக்கும் கிடைக்கவில்லை. அது ஜானு பருவாவின் அசாமியப் படத்துக்குப் போனது. அந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்பே வாய்க்கால் வெட்டியிருந்தது விருது அமைப்பு. 1975ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேசிய விருதில் 'நல்ல பொழுதுபோக்கு தரும் வெகுஜனப் படம்' என்று ஒரு பிரிவு வந்தது. நோக்கம் நல்லதுதான், மக்கள் விரும்பிய படத்துக்கும் ஒரு மரியாதை. நடைமுறையில் அது தனிப்பந்தி ஆகிவிட்டது. விருந்துக்கு அழைத்துவிட்டு, கூடத்தில் இலை போடாமல் தாழ்வாரத்தில் போடுவதைப் போல. 1979ஆம் ஆண்டுக்கான விருதில் கே.விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' உட்கார்ந்தது அந்த இலையில்தான். கர்நாடக சங்கீதத்தை உயிராகக் கொண்ட படம், தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் ஓடிய படம், கே.வி.மகாதேவன், எஸ்.பி.பாலசுப்ரமணியம், வாணி ஜெயராம் மூவருக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். அது ஓடியது என்பதால் 'பொழுதுபோக்கு' ஆகிவிட்டது. 2004ஆம் ஆண்டுக்கு சேரனின் 'ஆட்டோகிராஃப்' அதே பிரிவில் பரிசு வாங்கியது. 'பாகுபலி'யின் கதையோ இன்னும் விசித்திரம். முதல் பாகத்துக்குச் சிறந்த பட விருது, இரண்டாம் பாகத்துக்கு வெகுஜனப் பட விருது. ஒரே கதையை நடுவில் வெட்டி, ஒரு பாதியைக் கூடத்திலும் மறு பாதியைத் தாழ்வாரத்திலும் உட்கார வைத்தார்கள்.

ஓடிய படத்தைத் தள்ளி உட்கார வைக்கும் இந்தத் தயக்கம், கச்சேரி கேட்டுப் பழகிய மயிலாப்பூருக்குப் புரியாது. டிசம்பரில் டிக்கெட் கிடைக்காத கச்சேரி தரம் குறைந்த கச்சேரி என்று அங்கே யாரும் சொன்னதில்லை. மதுரை மணி ஐயர் பாடினால் பந்தலுக்கு வெளியே தெருவில் நின்று கேட்ட கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். மியூசிக் அகாதெமி 1959இல் அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. சினிமாவில் நடித்துப் புகழ்பெற்ற ஜி.என்.பாலசுப்ரமணியத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே கொடுத்திருந்தது. நாடறிந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி 1968இல் பெற்றார். கூட்டம் சேர்ந்ததை யாரும் குறையாகவும் எண்ணவில்லை, தகுதியாகவும் எண்ணவில்லை. பாட்டைக் கேட்டார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் குவித்த படத்துக்குப் பணமே பரிசு, விருது எளிய படத்துக்குத்தான் உயிர்மூச்சு என்பது அந்த வாதம். 2007ஆம் ஆண்டுக்கான இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்தால் அதன் வலு தெரியும். மாநில அரசு 'சிவாஜி'யைச் சிறந்த படம் என்றது. தேசிய விருதுக் குழு அதே ஆண்டுக்கு நெசவாளர் வாழ்க்கையைச் சொன்ன பிரியதர்ஷனின் 'காஞ்சிவர'த்தைச் சிறந்த படம் என்றது, பிரகாஷ்ராஜைச் சிறந்த நடிகர் என்றது. 'காஞ்சிவரம்' திரையரங்குக்கு வந்ததே 2009இல்தான். விருது இல்லாமல் போயிருந்தால் அந்தப் படத்தின் பெயர் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? அடுத்த ஆண்டுக்கு மாநில அரசின் முதல் பரிசு 'தசாவதார'த்துக்கு. இரண்டு ஆண்டும் தொடர்ந்து, ஆண்டின் மிகப் பெரிய நட்சத்திரப் படமே சிறந்த படமும் ஆனது. குழுவின் கண் படத்தின் மேல் இருந்ததா, சுவரொட்டியின் மேல் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. 'சிவாஜி'க்குப் பின்னால் இரண்டாம் பரிசு வாங்கியது ராதாமோகனின் 'மொழி'. அதுவும் நன்றாக ஓடிய படம்தான். காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண்ணை இரக்கத்துக்குரியவளாக்காமல், கோபமும் கர்வமும் உள்ளவளாகப் படைத்த படம் அது. முதல் பரிசு அதற்குப் போயிருக்க வேண்டும்.

'ஓடிய படம்' என்பதன் பொருளே இன்று மாறிவிட்டது. இந்த விவாதத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். மயிலாப்பூரில் காமதேனு, தி.நகரில் ராஜகுமாரி, கிருஷ்ணவேணி, நாகேஷ், அடையாறில் ஈராஸ் என்று பேட்டைக்குப் பேட்டை திரையரங்கு இருந்த காலத்தில் ஒரு படம் நூறு நாள் ஓடியது என்றால், பார்த்தவர் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், பக்கத்து வீடு பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்குச் சொன்னது என்று அர்த்தம். வாய்வழிச் செய்தியின் வெற்றி அது. அந்தத் திரையரங்குகள் பலவற்றில் இன்று படம் ஓடவில்லை. சில கல்யாண மண்டபங்கள் ஆகிவிட்டன. இப்போது பெரிய படம் ஒரே நாளில் எல்லாத் திரைகளிலும் இறங்குகிறது. யாரும் யாருக்கும் சொல்வதற்கு முன்பே, முதல் மூன்று நாளில் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த வசூல் விளம்பரத்தின் அளவைச் சொல்லும், படத்தின் அளவைச் சொல்லாது. மெல்லத் தொடங்கிக் கூட்டம் ஏறிக்கொண்டே போகும் படம் வேறு ரகம். அந்த ரகத்தை விருதுக் குழு இரண்டாம் முறை பார்க்க வேண்டும். முதல் நாள் வசூலை மட்டும் காட்டும் படத்துக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

ஹாலிவுட்டும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறது. 'தி டார்க் நைட்' சிறந்த பட நியமனம் பெறாமல் போன 2009ஆம் ஆண்டிலேயே ஆஸ்கர் அகாதெமி ஐந்து இடங்களைப் பத்தாக்கியது. 2018 ஆகஸ்டில் 'வெகுஜனப் பட'த்துக்குத் தனி விருது என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு மாதத்துக்குள் அதை ஒத்திவைத்தது. சில மாதங்கள் கழித்து 'பிளாக் பாந்தர்' பொதுப் பந்தியிலேயே, சிறந்த படத்துக்கான நியமனத்தில், உட்கார்ந்தது. நாம் 1975 முதல் வைத்திருக்கும் ஏற்பாட்டை அவர்கள் ஒரு மாதம்கூட வைத்திருக்க முடியவில்லை.

2024 செப்டம்பர் 23 அன்று சென்னையில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு, ஆஸ்கருக்கு அனுப்பும் படமாக 'லாபதா லேடீஸ்' என்ற இந்திப் படத்தை அறிவித்தது. தேர்வுக் குழுவின் தலைவர் ஜானு பருவா. 1987ஆம் ஆண்டுக்கான தங்கத் தாமரை பெற்ற அதே இயக்குநர். பரிசீலித்த 29 படங்களில் ஆறு தமிழ்ப் படங்கள். உலகமெங்கும் ஓடிய 'மகாராஜா' இருந்தது. பெர்லினுக்குப் போய்வந்த, பின்னணி இசையே இல்லாத பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் இருந்தது. 'கொட்டுக்காளி' வெளியான அதே நாளில் வெளியாகி மக்கள் மனத்தில் இடம்பிடித்த மாரி செல்வராஜின் 'வாழை'யும் இருந்தது. வசூல் படமும் சிறிய படமும் ஒரே மேசையில் இருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்லக் குழு எழுதிய குறிப்பு சில வரிகளே இருந்தது. அதன் முதல் வரி படத்தைப் பற்றியே பேசவில்லை, இந்தியப் பெண்களைப் பற்றிப் பேசியது. அதற்குக் கண்டனமும் எழுந்தது. 'மகாராஜா' எங்கே விழுந்தது, 'கொட்டுக்காளி'யும் 'வாழை'யும் எதுவரை வந்தன என்பதற்கு அதில் விடை இல்லை.

வெகுஜனப் படங்களுக்கான தனிப் பிரிவை எடுத்துவிட்டு எல்லாப் படங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரலாம். அதோடு மாநில அரசும் தேசியக் குழுவும் ஆஸ்கர் தேர்வுக் குழுவும், ஒரு படம் எந்தக் காட்சிக்காக, எந்தக் கைத்திறனுக்காக, எந்தப் படத்தோடு கடைசிவரை மோதித் தேர்வானது என்று ஒரு முழுப் பக்கமாவது எழுதி வெளியிட வேண்டும். அடுத்த பட்டியல் வரும்போது, யாருக்கு விருது என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், அந்த ஒரு பக்கம் எங்கே என்று வாசகர்கள் கேட்க வேண்டும்.