கண்ணப்பர் சரிதமும் படக்கதையும்

செய்யுளிற் கூறிய சரிதத்தைக் கட்டங்கட்டமாக வரைந்து காட்டும் நெறி இக்காலத்துப் பெருவழக்காயிற்று. ஜப்பானியர் அதனை மங்கா என்பர். தெசுகா ஒசாமு என்பார் 1972 முதல் 1983 வரை புத்தர் வரலாற்றை அம்முறையில் வரைந்தனர். இந்நாட்டில் 1967-இல் அனந்த பை தொடங்கிய அமர் சித்திரக் கதை இதிகாச புராணங்களைப் படக்கதையாக்கிற்று. பெரிய புராணத்தையும் இங்ஙனம் வரைதல் தகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சொல்லால் உணர்த்தும் பத்திச்சுவையை உருவம் குறைக்குமாதலின் தகாது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? தாராசுரத்து ஐராவதேச்சுரத் திருக்கோயிலை எடுப்பித்த இரண்டாம் இராசராசன் காலம் சேக்கிழார் காலத்தை அடுத்தது. அக்கோயிற் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் சரிதங்கள் சிறுசிறு சிற்பக் கட்டங்களாகப் பெயர்ப்பொறிப்புடன் அமைந்துள்ளன. ஆகவே இந்நெறி சைவ முன்னோர்க்குப் புதிதன்று.

இனி, எவ்வாறு வரைதல் வேண்டும் என்பதே வினா. தமிழகத்தின் வடவெல்லையிலுள்ள ஆரம்பாக்கத்திற்கு வடமேற்கே, கண்ணப்ப நாயனார் பேறுபெற்ற திருக்காளத்தி விளங்குகின்றது. தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் அவ்வெல்லைப்புறத்துச் சிறார் மனத்தை எழுத்தினும் முந்திப் பற்றுவது படமே. முதலிற் கண்ட படம் காட்டுபவரே அவர்க்குக் கண்ணப்பர் ஆவர். ஆதலின் வரைவோர் பொறுப்புப் பெரிது.

வரைவோரை எளிதில் ஈர்ப்பது கண்ணை இடந்து அப்பும் காட்சியே. சேக்கிழாரோ அதற்குமுன் பல படிகளை வைத்தனர். இறைவன் திருக்கண்ணிற் குருதி கண்ட திண்ணனார், தீங்கு செய்தாரைத் தேடுகின்றார், காணாது அழுகின்றார், பச்சிலை கொணர்ந்து பிழிகின்றார், அதுவும் பயன்படாதபோதே ஊனுக்கு ஊன் மருந்தாம் என்பதை நினைக்கின்றார். பச்சிலைக் கட்டத்தை விடுப்பின் அவர் ஆராயாது துணியும் வேடராகவே தோன்றுவர். வைப்பின், எல்லா மருந்தும் தேடி, இறுதியில் தம்மையே மருந்தாக்கிய அன்பராகத் தோன்றுவர். ஒரு கட்டம் சரிதத்தின் பொருளையே மாற்றுகின்றது.

மறைந்துநின்று காணும் சிவகோசரியாரைத் திண்ணனார்க்குப் பகைவராக்கி வரைதலும் பெரும்பிழை. இறைவன் கனவில் உணர்த்தியதும், மறுநாள் அன்பின் எல்லையைக் காட்டியதும் அவர்க்கேயன்றோ? கிரியையில் நின்றார்க்கு அன்பின் முதிர்ச்சியைக் காட்டுதலே சரிதத்தின் கருத்து. கிரியையை இகழ்தல் அன்று.

மங்காவிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சொல்லே இல்லாத கட்டங்களை அமைத்துக் காலத்தை நீட்டிக் காட்டல் அதன் முறை. பச்சிலை பயன்படாமைக்கும் அம்பை எடுத்தற்கும் இடையே அத்தகைய கட்டம் ஒன்று அமையுமாயின் சாலச் சிறக்கும். எனினும், ஆறு நாளில் உள்ளே பெருகிய அன்பைக் கோடும் வண்ணமும் முற்றக் காட்டமாட்டா. அதற்குச் சேக்கிழார் வாக்கே வேண்டும். ஆதலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவ்விடத்திற்குரிய திருவிருத்தத்தை அச்சிடுதல் நன்று. தாராசுரத்துச் சிற்பியர் கல்லிற் பெயரைப் பொறித்தனர். இக்காலத்தார்க்குத் தாளிற் செய்யுளையே பொறித்தல் எளிது.