ஒரு சொல், இரு பொருள்: வணிக மாதிரி மொழிகளும் நாஞ்சில் நாட்டு ஆவணச் சொற்களும்

வணிகச் செயல்முறைகளை வரைந்து காட்டும் மாதிரி மொழிகளுக்கிடையே தகவல் பரிமாறுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் கோப்பு வடிவத்தோடு நின்றுவிடுகிறது. வடிவம் கடந்தால் பொருளும் கடந்துவிடும் என்னும் எண்ணம் ஏற்கத்தக்கதன்று. யூ.எம்.எல்., பி.பி.எம்.என். ஆகிய இரண்டிலும் ‘ஆக்டிவிட்டி’ என்னும் சொல் உண்டு. பின்னதில் அது ஒரு செயல்முறைக்குள் அடங்கும் பணி; முன்னதில் பல ‘ஆக்‌ஷன்’களை ஒழுங்குபடுத்திய முழு நடத்தை. பெயரைப் பெயரோடு பொருத்தினால் முழுமை உறுப்பாகிவிடும்.

பழைய ஆவணங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும் தமிழாய்வாளருக்கும் இச்சிக்கல் உரியதே. நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழியில் சொத்துரிமை பெறும் ‘மருமகன்’ சகோதரியின் மகன். மக்கள்வழிக் குடும்பங்களுக்கென அமைத்த அட்டவணையில் அவன் மகளின் கணவனாகப் பதிவாவான். எழுத்துப் பிழை ஏதும் இராது. வாரிசு மட்டும் மாறிவிடுவான். முறைப்பெண் மணத்தால் இருவரும் ஒருவரே ஆதலும் உண்டு. அங்கே இப்பிழை கண்ணிலேயே படாது. குடும்பச் சொத்தை நிருவகித்த ‘காரணவர்’ என்பாரை ‘உரிமையாளர்’ என்னும் புலத்தில் இடுவதும் இத்தகையதே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி கூற்றாக அமைந்தது. அதனை நகைச்சுவை நூலாக மட்டும் படிப்போர், அவள் துயரம் இச்சொற்களின் சட்டப் பொருளில் வேர்கொண்டிருப்பதைக் காண்பதில்லை.

பொருள் காலத்தாலும் மாறும். திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொல்லம் 1101இல், அதாவது 1926இல், வந்தது. மக்களுக்கும் சொத்துரிமை கிட்டியது. ஆனால் கொல்லம் 1101 தொடங்கியது 1925 ஆவணியில். அவ்வாவணி மாத ஆவணத்தை ‘1926’ என்று மட்டும் பதிந்தால், சட்டத்துக்கு முற்பட்ட பாகப்பிரிவினை பிற்பட்டதாகத் தோன்றக்கூடும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கருத்துருத் தொகுதியை அமைத்தால் போதும் என்பர். நான் உடன்படவில்லை. ‘குடும்பத் தலைவர்’ எனப் பொதுமைப்படுத்திய சொல் எங்கும் பொருந்தும்; காரணவரின் அதிகார வரம்பைப் பற்றி எதுவும் சொல்லாது. எது நிகர், எது குறுகியது, எதற்கு நிகரில்லை என்பதைச் சொல்தோறும், காலம் சுட்டிக் குறிப்பதே வேண்டுவது. தந்தையின் தாய்வழிக் குடும்பச் சொத்திலிருந்து மக்களுக்குக் கிடைத்த ‘உகந்துடைமை’யைக் கொடை என்றோ மரபுரிமை என்றோ பெயர்க்காமல், அப்பெயரிலேயே தனிப் புலமாக விடலாம்.